பட்டியலில் விட்டுப்போன போகி

போன புதன்கிழமை பிற்பகல் இரண்டரை மணிக்கு நான் எங்கே இருந்தேன் தெரியுமா? கடலில்!

எனக்கு நீச்சல் தெரியாது. படகில் கால் வைத்தாலே தலை சுற்றும். இந்தப் பத்தியை வாராவாரம் படிப்பவர்களுக்கு என் வீரதீரம் புதிதல்ல. குடும்பத்தோடு கிளேபாங் கடற்கரைக்குப் போனால், செருப்பு நனையாத தூரத்தில் துண்டை விரித்து உட்காருகிற ஆள் நான். அப்படிப்பட்டவன் கப்பலுக்குச் சரக்கு கொண்டுபோகும் ஒரு தோங்காங் படகின் விளிம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு, தெரிந்த சாமி பெயரையெல்லாம் சொல்லிக்கொண்டு நின்றிருந்தேன்.

யார் என்னை அங்கே தள்ளிவிட்டது? வேறு யாருமில்லை. நானேதான். போன வருடக் கடைசியில், நாற்காலியில் சௌகரியமாக உட்கார்ந்து, ஒரு பேனாவால்!

நான் வேலை பார்ப்பது ரப்பர் ஏற்றுமதி செய்கிற கம்பெனியில். ஆற்றோரம் குடோன், மாடியில் ஆபீஸ். நான் அங்கே பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. பெயர்தான் பெரிது. எவன் எங்கே தப்பு செய்தாலும் பதில் சொல்ல வேண்டியவன் என்று அர்த்தம்.

பழைய துரை இருந்தவரை லீவு விஷயத்தில் எனக்குத் தலைவலி கிடையாது. யாருக்கு என்ன பண்டிகையோ, முதல் நாள் மாடிக்கு வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றால் போதும். ‘போ, போ’ என்று கையை ஆட்டிவிடுவார். மெர்டேக்கா வந்தது, நாடு சுதந்திரம் அடைந்தது. பழைய துரை கப்பலேறினார். அவர் இடத்துக்குப் புது மேனேஜர் வந்தார். இவரும் வெள்ளைக்காரர்தான். ரொம்ப நல்ல மனிதர்... அதனால்தான் வினையே. நல்ல மனிதர்கள் எல்லாவற்றையும் எழுத்தில் கேட்பார்கள்.

ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

“இது சுதந்திர நாடு. இனிமேல் யாரும் பண்டிகைக்காக என் முன்னால் வந்து கெஞ்சக் கூடாது. நம் ஆட்களில் யார் யாருக்கு எந்தெந்த நாள் முக்கியம் என்று ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். தாளில் இருந்தால் லீவு. இல்லாவிட்டால் இல்லை. நியாயம்தானே?”

நியாயம்தான். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. நாலு மதத்துக்காரன் பண்டிகையை நான் எழுதி, நான் டைப் அடித்து, நான் கையெழுத்துப் போட்டு போர்டில் குத்தப் போகிறேன்! அன்றைக்குச் சாயங்காலமே நோட்டுப் புத்தகத்தோடு கிளம்பிவிட்டேன்.

முதலில் ஜாலான் துக்காங் எமாஸ். பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு போட்டேன். அதே தெருவில் நாலு எட்டு நடந்து மசூதி வாசலில் நின்றேன். தொழுகை முடிந்து வெளியே வந்த பெரியவரிடம் இரண்டு பெருநாளையும், நபி பிறந்த நாளையும் கேட்டுக் குறித்துக்கொண்டேன். “பிறை தெரிஞ்சாத்தான் பெருநாள், தம்பி. ஒரு நாள் முன்னப் பின்ன இருக்கும்னு எழுதி வைங்க” என்றார். அதையும் எழுதினேன். அடிக்கோடு வேறு.

அடுத்து எங்கள் குடோன் மேஸ்திரி. சீனர். புத்தாண்டு, கல்லறை துடைக்கிற நாள், பிறகு பசியோடு ஆவிகள் வருகிற மாதம் என்று சொல்லிக்கொண்டே போனார். “மாசம் பூராவா லீவு?” என்று பதறிப்போனேன். பதினைந்தாம் நாள் ஒன்று போதும் என்று பெரிய மனசு பண்ணினார்.

போர்த்துகீசியர் குடியிருப்பிலிருந்து வரும் கிழவர் ஒருவர் எங்கள் கம்பெனியில் இருக்கிறார். அவருக்குப் புனித வெள்ளி, மீனவர் திருநாள்... அப்புறம் நோன்புக்கு முன்னால் ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் நாள் ஒன்று. “தண்ணீ ஊத்திக்கிறதுக்கெல்லாம் லீவா?” என்று கேட்டேன். “மேனேஜர் தலையில ஒரு வாளி ஊத்திக் காட்டட்டுமா?” என்றார். உடனே எழுதிக்கொண்டேன். காவல்காரச் சீக்கியரையும் விடவில்லை. புத்தர் பிறந்த வெசாக் நாள் எப்போது என்று கேட்க, தெரியாத ஒரு கடைக்காரரின் தூக்கத்தைக் கெடுத்தேன்.

இரண்டு வாரம் அலைந்ததில் ஒன்று புரிந்தது. இந்த உலகத்தில் எவனுக்குமே பண்டிகை இல்லாத நாள் என்று ஒரு நாள் இருக்குமா? எங்கேயாவது ஒருவன் நோன்பு இருக்கிறான், ஒருவன் பட்டாசு வெடிக்கிறான், ஒருவன் யாரையோ நினைத்து மெழுகுவத்தி ஏற்றுகிறான். இதற்கு நடுவில்தான் ரப்பரும் ஏற்றுமதி ஆகிறது.

கடைசியில் இந்துக்கள்.

அதற்கு எதற்கு நோட்டு? நான் இந்து. என் பண்டிகை எனக்குத் தெரியாதா? பேனாவைத் தூக்காமல் எழுதினேன் — தைப்பொங்கல், தைப்பூசம், தீபாவளி. முடிந்தது. டைப் அடித்து, கையெழுத்துப் போட்டு, மேனேஜர் கையெழுத்தும் வாங்கி, போர்டில் நாலு மூலையிலும் ஊசி குத்தினேன். தள்ளி நின்று ரசிக்கவும் செய்தேன்.

அந்தப் புதனுக்கு முந்தைய சனிக்கிழமை மத்தியானம் மாணிக்கம் என் மேசைக்கு வந்தான்.

மாணிக்கம் எங்கள் டாலி கிராணி. கப்பலில் ஏறுகிற பேல் என்கிற ஒவ்வொரு ரப்பர்க் கட்டையும் எண்ணிக் கோடு போடுகிறவன். பன்னிரண்டு வருடமாக எனக்குப் பக்கத்து மேசை. காஜா பெராங்கில் என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி அவன் வீடு. மலாக்கா செட்டி. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன் — எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் வணிகம் செய்ய வந்து இங்கேயே பெண்ணெடுத்துத் தங்கிவிட்ட தமிழர்களின் வம்சம். நெற்றியில் திருநீறு, வாசலில் மாவிலைத் தோரணம், பேச்சு மட்டும் மலாய். எனக்கும் அவனுக்கும் பேச்சு எப்போதும் மலாயில்தான். உங்களுக்காக இங்கே தமிழில் எழுதுகிறேன்.

“அபாங், புதன்கிழமை நான் இல்லை. கப்பலுக்கு வேற ஆள் பார்த்துக்குங்க” என்றான். அபாங் என்றால் அண்ணன்.

“புதன்கிழமையா? பொங்கல் வியாழக்கிழமைதானே?”

“பொங்கலுக்கு இல்லை லா. பார்ச்சு. போகி அன்னைக்குத்தானே பார்ச்சு?”

பேனாவைக் கீழே வைத்தேன்.

பார்ச்சு என்ற சொல்லைப் பன்னிரண்டு வருடமாகக் கேட்கிறேன். ஒவ்வொரு பொங்கலுக்கும் அவன் வீட்டிலிருந்து ஒரு தூக்கு நிறையப் பலகாரம் வரும். “பார்ச்சு சாப்பாட்டில மிச்சம்” என்று அவன் சொல்லுவான். நான் வழித்துத் தின்பேன். என்ன பார்ச்சு, எதற்குப் பார்ச்சு, என்றைக்குப் பார்ச்சு என்று ஒரு நாளாவது கேட்டேனா? கேட்கவில்லை. சனிக்கிழமைதான் கேட்டேன்.

மாணிக்கம் சொன்னான். போகி அன்று செட்டி வீடுகளில் செத்துப்போன பெரியவர்களுக்குப் படையல். வாழையிலை விரித்து, அவரவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து வைப்பார்கள். விளக்கேற்றி, சாம்பிராணி போட்டு, வீட்டுக்கு மூத்தவன் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிச் சாப்பிடக் கூப்பிட வேண்டும். பிறகு கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே நிற்பார்கள். வந்தவர்கள் சாப்பிட்டுப் போகட்டும் என்று.

“போன வருசம் வரைக்கும் அப்பா கூப்பிட்டாரு. நான் வேலை முடிஞ்சு மெதுவாப் போவேன்” என்றான். “இந்த வருசம் நான்தான் கூப்பிடணும், அபாங். அப்பாவையே.”

அவன் அப்பா இறந்து எட்டு மாதம் ஆகிறது. சாவுக்கு நானும் போயிருந்தேன். அப்பாவுக்கு இது முதல் படையல். ஒரே மகன். அவன் போய்க் கூப்பிடாவிட்டால் யார் கூப்பிடுவது?

நான் போர்டைப் பார்த்தேன். அவனும் பார்த்தான். இந்துக்கள் என்ற தலைப்புக்குக் கீழே மூன்றே வரி. போகி இல்லை.

“லிஸ்ட் எழுதினப்ப ஏன் சொல்லலை?” என்று எரிந்து விழுந்தேன். தப்பு நம் மேல் இருக்கும்போது குரல் எப்படித்தான் தானாக உயருகிறதோ!

“நீங்க கேக்கவே இல்லையே” என்றான்.

அதில் கோபம் இருந்திருந்தால்கூடத் தேவலை. இல்லை. “மூணு தெரு தள்ளிப் போயி எல்லாரையும் கேட்டீங்க. என்னைக் கேக்கலைன்னதும், உங்களுக்குத் தெரியும்போலன்னு நினைச்சுட்டேன். நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும்னு நான் அதைப் படிக்கக்கூட இல்லை” என்றான்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு. யார் யார் வாசலிலோ போய் நின்று கேட்டவன், பக்கத்து மேசையைக் கேட்கவில்லை. ஏன்? அவன் நம்ம ஆள். நம்ம ஆளைப் பற்றி நமக்குத் தெரியாதா என்ற மிதப்பு!

நேரே மேனேஜரிடம் போனேன். போகி என்பது இறந்துபோன பெற்றோருக்குப் படைக்கிற நாள், விட்டது என் தப்பு, தயவுசெய்து ஒரு வரி சேர்க்க வேண்டும் என்றேன்.

அவர் தாளை எடுத்துப் படித்தார். “மாணிக்கம் இந்துதானே?”

“ஆமாம், சார்.”

“இந்துக்களின் நாட்களை எழுதியது யார்?”

“நான்தான், சார்.”

“நீங்கள் இந்துதானே?”

தலையை ஆட்டினேன். “புதன்கிழமை கப்பல் வருகிறது. இன்றைக்கு ஒரு வரி சேர்த்தால், நாளைக்கு எல்லாரும் ஒவ்வொரு வரியோடு வருவார்கள். அப்புறம் தாள் எதற்கு? மன்னிக்க வேண்டும்” என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டுத்தான் சொன்னார். பழைய துரையாக இருந்தால் திட்டிவிட்டு லீவு கொடுத்திருப்பார்!

சனி, ஞாயிறு இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கறிக் குழம்பு. என் மனைவி சட்டியை எனக்கு முன்னால் வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

“உடம்பு சரியில்லையா?”

விஷயத்தைச் சொன்னேன். ஆறுதலாக ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். எனக்கு இன்னும் புத்தி வரவில்லை, பாருங்கள்.

“அந்தப் பையன் வீட்டுப் பலகாரத்தை டப்பா டப்பாவா முழுங்கினீங்களே, அப்பக்கூடவா கேக்கலை?” என்றாள். “அவங்க அம்மா முகத்துல இனிமே எப்படி முழிக்கிறது? மார்க்கெட்டுல தினம் பார்க்கிற மனுஷி!”

என்னென்னவோ யோசித்தேன். காய்ச்சல் என்று மாணிக்கம் டாக்டர் சீட்டு வாங்கினால் என்ன? திங்கட்கிழமை காலை ஆபீஸில் அவனிடமே கேட்டும்விட்டேன். என்னை ஒரு பார்வை பார்த்தான். “செத்தவரைக் கூப்பிடுற அன்னைக்கு, எனக்கு உடம்பு சரியில்லைன்னு பொய் சொல்லவா, அபாங்? வேண்டாம் லா. அப்பா வருவாரு, நான் இல்லைன்னா அம்மா சமாளிச்சுக்குவாங்க” என்றான். சொல்லிவிட்டு டாலி நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டான். அரை மணி நேரம் ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை.

டாலி தெரிந்த இன்னொரு ஆள் போர்த்துகீசியக் கிழவர். ஆனால் இரண்டு தோங்காங்குக்கு இரண்டு பேர் வேண்டும். மூன்றாவதாக அந்த வேலை தெரிந்தவன் எங்கள் கம்பெனியில் யார்? பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், வேலைக்குச் சேர்ந்த புதிதில், மூன்று மாதம் வாந்தி எடுத்துக்கொண்டே டாலி பார்த்துவிட்டு, காலில் விழாத குறையாகக் கெஞ்சி மாடிக்கு மாற்றல் வாங்கிக்கொண்ட ஒருவன்.

ஆமாம். நான்தான்.

அன்றைக்கே மறுபடி மேனேஜர் முன்னால் நின்றேன்.

“சார், பொங்கலன்று எனக்கு லீவு உண்டு. தாளில் இருக்கிறது. அந்த லீவு எனக்கு வேண்டாம். வியாழக்கிழமை வேலைக்கு வருகிறேன். பதிலுக்குப் புதன்கிழமை மாணிக்கத்தை விடுங்கள். அவனுக்குப் பதில் டாலிக்கு நான் போகிறேன்.”

“நீங்களா? படகிலா?” என் வீரதீரம் அவருக்கும் தெரிந்திருக்கிறது.

தாளை மறுபடி படித்தார். லீவை மாற்றிக்கொள்ளக் கூடாது என்று அதில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. நான் எழுதிய தாளில் நான் மறந்த ஒரே நல்ல விஷயம்! “காலையில் மாணிக்கம் போகட்டும். ஏற்றும் வேலை ஒழுங்காக நடந்தால், இரண்டு மணிக்கு நீங்கள் போய் அவரை மாற்றிவிடுங்கள். ஒழுங்காக நடந்தால் மட்டும்” என்றார்.

மாணிக்கத்திடம் சொன்னேன். ஆறு மணிக்குள் வீட்டில் இருந்தால் போதும், விளக்கு வைக்கிற நேரத்துக்கு முன்னால் கூப்பிட்டுவிடலாம் என்றான். அப்பாடா என்றிருந்தது. என் வீட்டில் பொங்கல் லீவு போன சங்கதியைச் சொன்ன பிறகு அந்த அப்பாடாவும் போய்விட்டது. அந்தப் பேச்சை நான் இங்கே எழுதுவதாக இல்லை.

புதன்கிழமை ஏழு மணிக்கு வர வேண்டிய கப்பல் ஏழு மணிக்கு வரவில்லை.

எட்டு... ஒன்பது... பத்து. நான் மாடி ஜன்னலுக்கும் நாற்காலிக்கும் நடந்து நடந்து கால் ஓய்ந்தேன். கப்பல் வந்து நின்றபோது மணி பதினொன்றரை. முதல் பேல் மேலே போனபோது பன்னிரண்டு. இதற்குப் பெயர் ஒழுங்காக நடப்பதா? மேனேஜர் என்ன சொல்வாரோ என்று அவர் அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றே முக்கால் மணிக்கு வெளியே வந்து, கடிகாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “என்ன, இன்னும் இங்கேயா இருக்கிறீர்கள்?” என்றார்.

படியில் இரண்டிரண்டாக இறங்கினேன்.

ஆற்று முகத்திலிருந்து சம்பான் என்கிற சிறு படகில் போனேன். காற்று அதிகமில்லை என்று சம்பான்காரர் சொன்னார். அவர் சொல்வார்! கப்பலுக்குப் பக்கத்தில் போனதும் எங்கள் சம்பான் ஏறுகிறது, தோங்காங் இறங்குகிறது. தோங்காங் ஏறுகிறது, நாங்கள் இறங்குகிறோம். நடுவில் கறுப்புத் தண்ணீர். மாணிக்கம் விளிம்பில் குனிந்து கையை நீட்டினான்.

“கீழ பார்க்காதீங்க, அபாங். என்னைப் பாருங்க. நான் இழுக்கிறேன்.”

ஒரே இழுப்பு. முழங்காலில் சிராய்ப்பு, கால்சட்டையில் கிழிசல், ஆனால் உள்ளே வந்துவிட்டேன். டாலி நோட்டை என் கையில் கொடுத்து, எது வரை எண்ணியிருக்கிறது என்று காட்டினான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். “போடா முதல்ல!” என்று கத்தினேன். தமிழில்தான் கத்தினேன். புரிந்துகொண்டு சம்பானில் குதித்தான்.

அதற்குப் பிறகு கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். வாந்தி வருகிறபோதெல்லாம் கோடு போட்டேன். நாலு கோடு, குறுக்கே ஒன்று. நாலு கோடு, குறுக்கே ஒன்று. ஒரு பேல் விட்டுப்போனாலும் மாணிக்கத்தின் வேலைக்கல்லவா ஆபத்து? பட்டியலில் அவனை விட்டது போதாதென்று கப்பலிலுமா? ஒவ்வொரு கட்டு மேலே போகும்போதும் வாய்விட்டு எண்ணினேன். கூலிகள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். கடைசிக் கட்டு போனபோது ஐந்தாகப் பத்து நிமிடம் இருந்தது. கப்பல்காரன் கணக்கும் என் கணக்கும் சரியாக இருந்தன. நம்பாமல் இன்னொரு தடவை எண்ணினேன். சரியாகத்தான் இருந்தன.

கரையேறி, நோட்டை ஆபீஸில் வைத்துவிட்டு, சைக்கிளை எடுத்தேன். வீட்டுக்குப் போயிருக்கலாம். முடியவில்லை. அவன் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தானா? சம்பான் எங்கேயாவது நின்றுவிட்டதா? ஆற்று முகத்தில் இறங்கி வண்டி கிடைத்ததா? மூன்று மணி நேரம் கழித்து இதையெல்லாம் நினைத்து என்ன பிரயோஜனம் என்று கேட்கிறீர்கள். என் மனசுக்கு அதெல்லாம் தெரியுமா? காஜா பெராங் வரை மூச்சு வாங்க மிதித்தேன்.

மாணிக்கம் வாசலிலேயே இருந்தான். குளித்து, சாரோங் கட்டி, நெற்றி நிறையத் திருநீறு. எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. உள்ளே வாழையிலைகள் விரித்திருந்தார்கள். ஒரு பக்கம் அவன் அப்பாவின் சட்டையும் சாரோங்கும் மடித்து வைக்கப்பட்டிருந்தன.

அவன் அம்மா வெளியே வந்தார். சின்ன உருவம், கெபாயா ரவிக்கை, இடுப்பில் சாவிக்கொத்து. நான் அவரை மாச்சிக் என்பேன்; அத்தை மாதிரி.

“லிஸ்ட் எழுதின கிராணி நீதானா?” என்றார்.

“நான்தான், மாச்சிக். மன்னிச்சுக்குங்க. தெரியாமப் போச்சு.”

“உன் சட்டை பூரா உப்பு” என்றார். “போய்க் கை கால் கழுவிட்டு வா. உள்ள நில்லு.”

நான் வெளியாள், வாசலிலேயே நிற்கிறேன் என்றேன். காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

மாணிக்கம் விளக்கேற்றினான். சாம்பிராணிப் புகை எழுந்தது. ஒவ்வொருவராகக் கூப்பிட்டான். மலாயில்தான் கூப்பிட்டான் — வாங்க, சாப்பிடுங்க, பிள்ளைகளைப் பார்த்துக்குங்க. தாத்தா, பாட்டி, நான் கேள்விப்படாத பெயர்கள். கடைசியில் மடித்து வைத்திருந்த சட்டையைப் பார்த்தான். அம்மா அவன் முதுகில் கை வைத்தார். “அப்பா” என்றான். அவ்வளவு மலாய்க்கு நடுவில் அந்த ஒரு சொல் மட்டும் தமிழாக இருந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வெட்கமில்லாமல் துடைத்துக்கொண்டேன்.

மாச்சிக் என் பக்கம் திரும்பினார்.

“உன் அப்பா இருக்காரா?”

“இல்லை... தெரியாது, மாச்சிக்.”

“தெரியாதுன்னா?”

“சயாமுக்குப் போனாரு. ரயில் போட. வரலை.”

ஜப்பான்காரன் காலத்தில் எஸ்டேட்டிலிருந்து லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் அப்போது மலாக்காவில் ஒரு கடையில் எழுத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வழியனுப்பக்கூடப் போகவில்லை. பதினேழு வருடம் ஆகிறது. எங்கே, எந்த மாதம், எந்தத் திதி என்று சொல்ல ஒருவரும் திரும்பி வரவில்லை. என் அம்மா சாகும்வரை நெற்றிப்பொட்டை அழிக்கவில்லை. அவள் அழிக்காதபோது நான் எப்படித் திவசம் கொடுப்பது? ஆடி அமாவாசைக்குச் செய்யலாம் என்று குருக்கள் ஒரு தடவை சொன்னார். செய்யவில்லை. செய்தால், அவர் செத்துவிட்டார் என்று நானே முடிவு கட்டியதாக ஆகிவிடுமே!

ஊரில் இருக்கிற எல்லாச் சாமிக்கும் எல்லாச் சாவுக்கும் தேதி கேட்டு அலைந்தவன் நான். என் அப்பாவுக்கு ஒரு தேதி கிடையாது.

“தேதி யாருக்கு வேணும்?” என்றார் மாச்சிக். “இன்னைக்கு எல்லாரும் வர்ற நாள். பாங்கில் சாஜா.” கூப்பிடு, அவ்வளவுதான் என்று அர்த்தம். ஒரு இலையை இழுத்துப் போட்டு, சோறு வைத்து, என்ன பிடிக்கும் என்று கேட்டார்.

“கருவாடு” என்றேன்.

கருவாட்டுச் சம்பலும் இருந்தது. வைத்தார். எல்லாரும் எனக்காகக் காத்துக்கொண்டு நின்றார்கள். தோங்காங்கில் பட்ட பயமெல்லாம் ஒரு பயமா? அழைத்துவிட்டால் அப்புறம் காத்திருக்க முடியாதே... மாணிக்கம் வந்து என் பக்கத்தில் நின்றான்.

கூப்பிட்டேன்.

கதவைச் சாத்தினார்கள். வெளியே எல்லாரோடும் சேர்ந்து நானும் நின்றேன்.

மறுநாள் பொங்கல். நான் ஆபீஸில் இருந்தேன், பேசியபடி. போர்டிலிருந்து தாளை எடுத்து, இந்துக்கள் என்ற தலைப்புக்குக் கீழே போகி என்று சேர்த்து, எதிரே இரண்டு பேர் என்று டைப் அடித்து மேனேஜரிடம் நீட்டினேன். அடுத்த வருடத்துக்குத்தான், இப்போதே சொல்லிவிடுகிறேன் என்றேன்.

படித்தார். “ஒருவர் மாணிக்கம். இன்னொருவர்?”

“நான், சார்.”

“இது இறந்துபோன பெற்றோருக்கான நாள் என்றுதானே சொன்னீர்கள்? இத்தனை நாள் நீங்கள் கேட்டதில்லையே?”

“என் அப்பா நேற்றுத்தான் இறந்தார், சார்” என்றேன்.